ஆறு இரண்டாகும் இடத்தில் ஒரு பகல்

திருச்சியிலிருந்து கரூர் சாலையில், காவிரியின் தென்கரையை ஒட்டியே 18 கி.மீ. போனால் முக்கொம்பு. ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை. எங்களுக்கு முன்பே பல குடும்பங்கள் வந்து மரநிழலில் பாய் விரித்திருந்தன. தூக்குவாளிகளில் புளிசாதம், எலுமிச்சை சாதம், மோர். வறுத்த மீன் வாசனை காற்றோடு வந்துகொண்டே இருந்தது. பிள்ளைகள் ஊஞ்சலை நோக்கி ஓடினார்கள். நான் அவர்களை ஒரு நிமிடம் நிறுத்தி, முதலில் பாலத்துக்கு அழைத்துப் போனேன். இந்தப் பூங்காவுக்கு வருகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரை என்று நான் நம்புகிறேன்.

மேற்கிலிருந்து ஒரே ஆறாக, அகலமாக வருகிறது காவிரி. இங்கே வந்ததும் இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம். தெற்கே போவது காவிரி என்ற பெயரையே வைத்துக்கொள்கிறது. வரும் கிளை ஒன்று, போகும் கிளைகள் இரண்டு. மூன்று கொம்புகளும் கூடும் இடம். இரண்டு ஆறுகளுக்கும் நடுவில் கிடக்கிற நிலம்தான் திருவரங்கம் தீவு. இங்கே தொடங்கும் தீவு கல்லணை அருகே முடிகிறது. ஒரு முனையில் மேலணை, மறுமுனையில் கரிகாலன் பெயர் சொல்லும் கல்லணை.

பார்க்க அழகாக இருக்கும் இந்தப் பிரிவு ஒரு காலத்தில் தஞ்சை உழவர்களின் கவலையாக இருந்தது. கொள்ளிடம் தாழ்வான ஆறு, ஓட்டமும் வேகமானது. தண்ணீர் பள்ளத்தைத்தானே தேடும்? வந்த நீரில் பெரும்பங்கு கொள்ளிடத்தில் இறங்கி, வயலைப் பார்க்காமலே கடலுக்குப் போனது. பாசனத்துக்கு உரிய காவிரியிலோ மணல் மேடிட்டு, ஆண்டுக்காண்டு வரத்து குறைந்தது. கடைமடையில் நாற்றங்கால் காய்ந்தது.

இதற்கு வழி தேடியவர் ஆர்தர் காட்டன் என்ற ராணுவப் பொறியாளர். 1836-இல், தம் 33-ஆவது வயதில், கொள்ளிடத்தின் தலைப்பில் குறுக்கே மேலணையை எழுப்பினார். அளவாகத் தடுத்தால் காவிரிக்குப் பங்கு கிடைக்கும். வெள்ளம் வந்தால் மிச்சம் கொள்ளிடத்தில் வழியும். கணக்கு எளியது, கட்டுவதுதான் கடினம். ஆற்றைத் தோண்டத் தோண்ட மணல், பாறை தட்டுவதில்லை. மணலில் எப்படி அடித்தளம் போடுவது?

அதற்கான பாடம் தீவின் மறுமுனையில் கிடைத்தது. கல்லணையைக் கட்டியவர்கள் பெருங்கற்களை ஆற்றில் இட்டார்கள். மணல் அரிக்க அரிக்க அவை அமிழ்ந்தன. அவற்றின்மேல் மீண்டும் கற்களை இட்டார்கள். அமிழ்வது நின்றபோது அடித்தளம் உருவாகியிருந்தது. ஆழம் காணாத மணலில் அணை கட்டும் வித்தையை இந்த நாட்டுப் பழைய அணைகளிடமே கற்றதாகக் காட்டன் வெளிப்படையாக எழுதினார். அந்த வித்தையோடுதான் பின்னாளில் கோதாவரிக்கும் போனார். பெயர் தெரியாமல் போன நம் கல் தச்சர்களுக்கும் மண் சுமந்தவர்களுக்கும் கிடைத்த மரியாதையாகவே அந்த ஒப்புதலை நான் படிக்கிறேன்.

மேலணையால் வேறொரு சிக்கலும் வந்தது. இப்போது காவிரிக்குள் நீர் மிகுதியாகப் பாய்ந்து படுகையை அரித்தது. ஆகவே காவிரியின் தலைப்பிலும் ஒரு தடுப்பு கட்ட வேண்டியதாயிற்று. இன்று நாம் நடந்து தீவுப் பூங்காவுக்குப் போவது அந்தக் காவிரி மதகுகளின் மேல்தான். ஆற்றை ஒருமுறை தொட்டுவிட்டால், பிறகு கைவிடவே முடியாது.

அதை 2018 நமக்கு உரக்கவே சொன்னது. மேட்டூர் நிரம்பி வழிந்த ஆகஸ்ட் அது. 22-ஆம் தேதி இரவு, கொள்ளிடம் பக்கத்து 45 மதகுகளில் 9 உடைந்து அடித்துச் செல்லப்பட்டன. 182 ஆண்டுகளாக நின்ற வரிசையில் பெரிய பொக்கை விழுந்தது. பாறைகளையும் மணல் மூட்டைகளையும் அடுக்கி அடுக்கி ஆற்றை மறித்தார்கள். பின்பு பழைய அணைக்குச் சற்றுக் கீழே புதிய கதவணை எழுந்தது. மதகுகள் உடைந்த மறுநாள் செய்திப் படத்தில் அந்த வெற்றிடத்தைப் பார்த்தபோது, பள்ளி நாளில் அப்பாவின் விரலைப் பிடித்து இதே இடத்தில் நின்றது நினைவுக்கு வந்து தொண்டை அடைத்தது.

வெயில் ஏறியதும் மரத்தடிக்குத் திரும்பினோம். வாழையிலையில் புளிசாதம், பக்கத்தில் வறுத்த மீன். மதகுகளின் இரைச்சல் சாப்பாட்டுக்கு நடுவிலும் கேட்டுக்கொண்டே இருந்தது. மதகடியில் சுழல் இழுக்கும், இறங்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். கரையில் நின்று பார்ப்பதிலேயே அவர்களுக்கு நிறைவு இருந்தது.

கிளம்பும் நேரத்தில் சின்னவள் கேட்டாள்: “இந்தத் தண்ணி எங்க போகுது?” கல்லணைக்கு, அங்கே மறுபடி பிரிந்து வெண்ணாற்றுக்கு, கல்லணைக் கால்வாய்க்கு, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் வயல்களுக்கு என்று வரிசையாகச் சொன்னேன். அவள் தன் குவளையின் அடியில் மிஞ்சியிருந்த குடிநீரைக் கீழே கொட்டவில்லை. பாலத்தின் நடுவில் நின்று, கிழக்கே போகும் காவிரியில் ஊற்றினாள்.