குளோடியஸ் சபையில் நம்மூர்த் தூதர்

எங்கள் வாப்பா இலேசில் சிரிக்கிற மனிதர் அல்லர். ஆனால் 'கோமாளிகளின் கும்மாளம்' பற்றிப் பேச்செடுத்தால் போதும். மரிக்கார், ஐயர், உபாலி, அப்புக்குட்டி என்று நாலு குரலிலும் தானே பேசிக் காட்டுவார். எழுபதுகளில் இலங்கை வானொலியில் நாட்டையே சிரிக்க வைத்த அந்தத் தொடர் 1976இல் 'கோமாளிகள்' என்ற திரைப்படமாகவும் வந்தது. அதில் மரிக்காராக முஸ்லிம் தமிழ் பேசியவர் எஸ். ராம்தாஸ். ஐயராகப் பேசியவர் நம்முடைய பி.எச். அப்துல் ஹமீது. ஒலிவாங்கிக்கு முகம் தெரியாது. குரல் வாய்த்தவன் எவனும் எவனாகவும் ஆகலாம்.

பன்விலையில் நான் படிப்பிக்கும் பாடசாலையில் மேடை இல்லை, திரைச்சீலை இல்லை. காலைக் கூட்டத்துக்கு ஓர் ஒலிபெருக்கி உண்டு. அதை நம்பித் தரம் பத்துப் பிள்ளைகளோடு ஒரு நகைச்சுவை வானொலி நாடகம் போடத் துணிந்தேன். கதை உரோமாபுரி அரசியல். தேயிலை மலைக்கும் உரோமாபுரிக்கும் என்ன தொடர்பு என்று சக ஆசிரியர்கள் கேட்டார்கள். தொடர்பு இருக்கிறது.

கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோன பிளினி, தனது 'இயற்கை வரலாறு' ஆறாம் பாகத்தில் நம் தீவைப் பற்றி எழுதியிருக்கிறார். செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியஸ் புளோகாமஸ் என்பவரிடம் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒருவன், அரேபியக் கரையோரம் போகையில் காற்றில் அள்ளுண்டு, பதினைந்தாம் நாள் இலங்கைத் துறைமுகம் ஒன்றில் வந்து ஒதுங்கினான். ஆறு மாதம் அரச விருந்தாளி. அவனிடமிருந்த வெள்ளிக் காசுகளில் வேறு வேறு தலைகள் இருந்தும் எடை மட்டும் ஒன்றாயிருக்கக் கண்டு அரசன் வியந்தானாம். ஆட்சிக்கு ஆட்சி காசின் பெறுமதி தேய்வதைப் பார்த்துப் பழகிய நமக்கும் அது வியப்புத்தான். அரசன் நான்கு தூதர்களை உரோமாபுரிக்கு அனுப்பினான். தலைவர் ராசியா. அது ஆளின் பெயரா, 'ராஜா' என்ற சொல்லின் திரிபா என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் ஒருமுடிவில்லை.

அவர்கள் போய் நின்றது குளோடியஸ் (41–54) சபையில். நகைச்சுவைக்கென்றே பிறந்த சபை அது. கலிகுலா கொல்லப்பட்ட நாளில் திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்தவரைப் படைவீரர்கள் இழுத்துவந்து சக்கரவர்த்தி ஆக்கினார்கள். நாக்குக் குழறும், கால் இழுக்கும். சொந்த மகன் இருக்க, மனைவியின் மகன் நீரோவுக்குப் பட்டம் போனது. காளானில் நஞ்சு வைத்தார்கள் என்ற பேச்சும் உண்டு.

இப்படிப்பட்டவர் முன்னால் நம்மவர் அவிழ்த்துவிட்ட செய்தியைக் கேளுங்கள். எங்கள் நாட்டில் அரசனைச் சனங்களே தெரிவு செய்வார்கள். வயதும் இரக்கமும் பார்ப்பார்கள், பிள்ளை இருக்கக் கூடாது. பிறகு பிள்ளை பிறந்தால் முடியைக் கழற்றிவிட வேண்டியதுதான். ஆட்சி பரம்பரைச் சொத்தாகிவிடக் கூடாதல்லவா? அரசன் பிழை செய்தால் மரணதண்டனை. எவரும் கை வைக்க மாட்டார்கள், ஒருவரும் அவனோடு பேச மாட்டார்கள், அவ்வளவுதான்.

"பேசாமல் விட்டால் ராஜா எப்படி சேர் சாவார்?" என்று ஒரு பையன் கேட்டான். 2022 ஜூலையில் ஜனாதிபதி மாளிகைத் தடாகத்தில் சனங்கள் குளித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த பிள்ளை அவன்.

ஏறக்குறைய அதே காலத்து அனுராதபுரத்தைப் பற்றி மகாவம்சம் சொல்லும் கதையோ வேறு. யசலாலக தீசன் அண்ணனைக் கொன்று அரசனானான். அவனைப் போலவே தோற்றமுள்ள சுபன் என்ற வாயிற்காவலனுக்கு அரச உடை போட்டுச் சிம்மாசனத்தில் இருத்தி, தான் காவலன் கோலத்தில் வாசலில் நின்று, அமைச்சர்கள் அவனை வணங்குவதைப் பார்த்துச் சிரிப்பதை விளையாட்டாகவே வைத்திருந்தான். ஒருநாள் சுபன், "இந்தக் காவலன் என்னைப் பார்த்து ஏன் சிரிக்கிறான்?" என்று கேட்டு, அவனைக் கொல்லச் சொல்லிவிட்டான். பிறகு ஆறு வருஷம் சுபனே ஆண்டான். ஒரே முகத்தில் இரண்டு பேரைத் தேடி மேடை நாடகக்காரர் அலைய வேண்டும். வானொலியில் சொன்னாலே போதும்.

ராசியா புளுகினாரா? உரோமருக்குப் புத்தி சொல்லப் பிளினியே இலங்கையை இப்படி வரைந்தார் என்பாரும் உளர். தூதர் சொன்னது தான் வாழ்ந்த நாட்டை அல்ல, வாழ ஆசைப்பட்ட நாட்டை என்றே எனக்குப் படுகிறது. உரோமாபுரியைப் பார்த்துச் சிரிப்பது எவருக்கும் இலேசு. ராசியாவைப் பார்த்துச் சிரிக்கும்போதுதான் தொண்டையில் எதுவோ தடக்குகிறது. நாடகத்தின் உயிர் அங்கேதான் என்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

லயத்துப் பிள்ளை ஒருத்தி குளோடியஸ். எங்கள் பள்ளிவாசல் மோதினாரின் மகன் சுபன். ஒத்திகையைக் கேட்ட அதிபர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"பிள்ளை பிறந்தால் பதவி போகும் என்ற வசனத்தை மட்டும் எடுத்துவிடுங்கள் சேர். யாரையோ குத்திக் காட்டுகிறோம் என்று நினைப்பார்கள்."

"இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய கதை, சேர்."

"அதுதானே என் பயமும்."

வசனத்தை எடுத்தோம். அதை எடுத்தால் நாடகமே இல்லை என்று நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் தங்களுக்குள் குசுகுசுத்தார்கள்.

ஒலிபரப்பான காலையில் குளோடியஸ் திக்கித் திக்கிக் கேட்டாள்: "உ... உங்கள் அரசனுக்குப் பி... பிள்ளை பிறந்தால்?" ராசியா பதில் சொல்லவில்லை. தொண்டையைச் செருமினான். ஒலிபெருக்கி கொஞ்ச நேரம் வெறுமனே இரைந்தது. பிறகு ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது. பின்வாங்குப் பையன் ஒருவனின் கைவரிசை. உடனே தடதடவென்று ஒரு முடி உருண்டு போகும் சத்தம். ஆசிரியர் அறைத் தேநீர்த் தட்டு அது.

மைதானமே சிரித்தது. அதிபரும் சிரித்துவிட்டார். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.