கல்லோடு கட்டிய சீட்டு

அந்தமானைப் பற்றிப் பேச மேடை ஏறுகிறவர்கள் ஒரு வாக்கியத்தைத் தவறவிடுவதே இல்லை: "இந்தத் தீவே ஒரு அருங்காட்சியகம்." கைதட்டலும் கிடைத்துவிடும். எனக்கு அதில் பாதிதான் சம்மதம்.

பார்க்க வேண்டிய சரக்கு இங்கே கொட்டிக் கிடக்கிறது என்பது உண்மை. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய எங்கள் போர்ட் பிளேரில், கார்பின்ஸ் கோவ் பக்கத்துக் கடலோரத்தில் மணற்பாறையும் களிப்பாறையும் பழைய பேரேடுகளை அடுக்கி வைத்த மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கின்றன. ஆழ்கடல் தரையில் மணலும் சேறும் மாறி மாறிப் படிந்து இறுகியவை அவை. அதே வட்டாரத்தில், கடலுக்கடியில் பீறிட்ட எரிமலைக் குழம்பு தண்ணீர் பட்டு உருண்டை உருண்டையாக உறைந்த பாறையும் உண்டு. தெற்கே சிடியாட்டாப்பு பக்கம் போனால் வழுவழுப்பான கரும்பச்சைக் கல் கிடைக்கும். பூமியின் மேலோட்டுக்கும் கீழே இருந்த சரக்கு அது. இந்தியத் தட்டு இந்தத் தீவுகளுக்கு அடியில் நுழைந்துகொண்டே இருப்பதால், ஒன்பது கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைய கடல்தரை இங்கே மேலே ஏறி மலையாகிக் கிடக்கிறது. அதன்மேல்தான் நாங்கள் வீடு கட்டி, ரேஷன் கடைக்குப் போய் வந்துகொண்டிருக்கிறோம்.

ஆனால் கல் இருந்தால் மட்டும் அது அருங்காட்சியகம் ஆகிவிடாது. கல்லோடு ஒரு சீட்டு இருக்க வேண்டும். எந்த இடத்தில் எடுத்தது, என்றைக்கு எடுத்தது, எடுத்தவர் யார். நிலவியல் படித்த யாரையும் கேட்டுப் பாருங்கள். எவ்வளவு அழகான படிகமாக இருந்தாலும், எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் ஆராய்ச்சிக்கு அதனால் பெரிய பிரயோசனம் இல்லை என்பார்கள். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத சாம்பல் நிறக் கல்லுக்கு ஊரும் தேதியும் இருந்தால், நூறு வருஷம் கழித்தும் யாராவது அலமாரியைத் திறந்து அதைக் கையில் எடுப்பார்கள்.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் வெண்கலச் சிலைகளுக்குத்தான் கூட்டம். நிறையப் பேருக்குத் தெரியாது, அந்த நிறுவனம் பிறந்ததே கல்லில். மதராஸ் லிட்டரரி சொசைட்டி சேர்த்து வைத்திருந்த சுமார் 1,100 பாறை, கனிம மாதிரிகளை வைத்துக்கொண்டு 1851-இல் எட்வர்ட் பால்ஃபர் என்ற ராணுவ மருத்துவரின் பொறுப்பில் அது தொடங்கியது. எழும்பூருக்கு இடம் மாறியது 1854-இல். நடராஜரெல்லாம் பிற்பாடு வந்தார்கள்.

பல்லாவரத்துக் கல்லின் கதை இன்னும் ருசியானது. கல்கத்தாவைத் தோற்றுவித்தவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக், 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இறந்தார். அங்கே புனித ஜான் தேவாலய வளாகத்தில் அவர் கல்லறை இருக்கிறது, அதன்மேல் ஒரு கருங்கல் பலகை. கங்கைச் சமவெளியில் அப்படிப்பட்ட கருங்கல் ஏது? இருநூறு ஆண்டு கழித்து, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலந்து அந்தக் கல்லைப் பார்த்தார். பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் குன்றுகளில் இருக்கும் அதே பாறைதான் என்று அடையாளம் கண்டு, அந்தப் பாறை வகைக்கு 1893-இல் சார்னோக்கைட் என்று பெயரிட்டார். இன்று உலகம் முழுக்க அந்தப் பெயர்தான். கப்பலேறிப் போன சென்னைக் கல், இரண்டு நூற்றாண்டு ஊர் பேர் தெரியாமல் கிடந்து, கடைசியில் கல்கத்தாக்காரர் பெயரோடு உலகப் பாடப்புத்தகங்களில் ஏறிவிட்டது. அந்தமானுக்குக் கப்பலில் வந்த எங்களைப் போன்றவர்களுக்கு இந்தக் கதை கொஞ்சம் கூடவே பிடிக்கும்.

இங்கே பாராதாங் தீவுக்குப் போகிறவர்கள் விடியலுக்கு முன்பே எழுந்து, ஜிர்காடாங்கில் வண்டி வரிசையில் காத்திருந்து, காட்டுப்பாதையும் ஜெட்டியும் தாண்டி, அலையாத்திக் கழி வழியாகப் படகில் சுண்ணாம்புக்கல் குகைக்குப் போகிறார்கள். உள்ளே வழிகாட்டி டார்ச் அடித்து, "இது பிள்ளையார், இது தாமரை, இது யானைத் தும்பிக்கை" என்று காட்டுவார். எல்லோரும் படம் எடுத்துக்கொள்வார்கள். மழைத்தண்ணீர் சுண்ணாம்பைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாக இறக்கி, எத்தனையோ தலைமுறைக் காலத்தில் வளர்த்த விழுது அது என்று சொன்னால், அடுத்த கேள்வி, "பிள்ளையார் எங்கே?" வழிகாட்டியைக் குறை சொல்ல மாட்டேன். கேட்கிறவர்களுக்கு ஏற்றபடி சீட்டு எழுதுகிறார், அவ்வளவுதான். சேற்று எரிமலையைப் பார்த்ததும், "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று முகம் சுளிப்பார்கள். பூமிக்குள்ளிருந்து வாயு தள்ளித் தள்ளி, குளிர்ந்த சாம்பல் சேறு குமிழ் விடுகிற சின்ன மேடு. 2004 நிலநடுக்கத்தை ஒட்டி அது சீறிக் கக்கியது என்று ஒரு பலகை நன்றாக எழுதி வைத்தால், அதே மேட்டை வேறு கண்ணால் பார்ப்பார்கள்.

சீட்டு எவ்வளவு பெரிய விஷயம் என்பது எங்களுக்கு அந்த டிசம்பர் 26-க்குப் பிறகுதான் உறைத்தது. காலை ஆறரை மணிக்குத் தரை ஆடியது. வட அந்தமானின் மேற்குக் கரையில் நிலம் மேலே வந்து, கடலுக்குள் இருந்த பவளப்பாறை காற்றுக்கு வந்து வெளுத்துச் செத்தது. போர்ட் பிளேர் பக்கம் தரை ஏறக்குறைய ஒரு மீட்டர் கீழே போனது. சிப்பிகாட் வயல்களில் ஏற்ற நேரத்துக் கடல் தண்ணீர் புகுந்தது. புகுந்தது புகுந்ததுதான், திரும்ப நெல் விளையவில்லை. கிரேட் நிக்கோபாரின் தென்கோடி இந்திரா முனை நாலே கால் மீட்டர் அளவுக்கு அமிழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் காலடிக்குத் தண்ணீர் வந்தது. இதையெல்லாம் அளக்க வந்த ஆய்வாளர்கள் கருவியோடு கரையோரத்து மனிதர்களையும் தேடினார்கள். "முன்னாலே ஏற்றத்திலே தண்ணி எதுவரைக்கும் வரும்?" என்பதுதான் கேள்வி. ஜெட்டியின் எந்தப் படி, எந்தத் தூண் என்று கை வைத்துக் காட்டியவரின் பதில் கணக்கில் ஏறியது. "ரொம்ப தூரம் வரும் சார்" என்றவரின் பதில் காற்றில் போனது.

இதைவிடப் பெரிய சாட்சி ஒன்று உண்டு. 1881 டிசம்பர் 31-இல் கார் நிக்கோபார் அருகே பெரிய நிலநடுக்கம் வந்தது. எழுந்த ஆழிப்பேரலை சிறியது, ஒரு மீட்டர் உயரம்கூட இல்லை. ஆனால் வங்காள விரிகுடாவைச் சுற்றி, போர்ட் பிளேரிலும் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும், கடல்மட்டக் கருவிகள் அந்த அலையைக் காகிதத்தில் நேரத்தோடு கோடாக வரைந்து வைத்திருந்தன. மொடெஸ்டோ ஒர்ட்டிஸ், ரோஜர் பில்ஹாம் என்ற இருவர் அந்தப் பழைய கோடுகளைக் கொண்டு, எந்த இடம் எவ்வளவு நகர்ந்தது என்று கணித்து வெளியிட்டது 2003-இல். அடுத்த வருஷமே பெரியது வந்தது. அந்தக் கட்டுரையை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அப்போது நம்மிடம் இல்லை. இருந்தாலும், 120 வருஷத்துக்கு முன்னால் கடமையாகக் காகிதம் மாற்றிய அந்தப் பெயர் தெரியாத குமாஸ்தாவை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

என் வயசுக்காரர்கள் மாலையில் இங்கே போர்ட் பிளேர் மெரினா பூங்காவில் கூடிச் சுனாமிக் கதை பேசுவதைக் கேட்டிருக்கிறேன். முதல் வருஷம் தண்ணீர் முழங்கால் வரை. பத்து வருஷம் போனதும் கழுத்து வரை. இப்போது தென்னை மரத்தில் ஏறித் தப்பித்ததாகப் போய்க்கொண்டிருக்கிறது. பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. சீட்டு கட்டாத ஞாபகம் அப்படித்தான் வளரும்.

கடற்கரையில் பொறுக்கிய பவளத்துண்டைப் பெட்டியில் வைத்துப் போகும் பயணிகள், விமான நிலையத்தில் பறிகொடுத்து முகம் வாடுவார்கள். பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. செத்த துண்டையும் எடுத்துப் போகக் கூடாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். சென்னையில் ஷோகேஸில் ஏறிய மறுநாளே அது ஊரில்லாத வெள்ளைக் கல். இங்கே மணலில் கிடந்தவரை, எந்தக் கரை, எந்த உயரம் என்று அதுவே ஒரு பதிவு.

அருங்காட்சியகக்காரர்களிடம் நான் கற்றுக்கொண்ட இன்னொரு நல்ல வழக்கம்: புதிய சீட்டு கட்டும்போது பழையதைக் கிழிப்பதில்லை. ஊர்ப் பெயர் மாறும், பாறையின் பெயரே மாறும், ஆனாலும் பழைய கையெழுத்து கூடவே இருக்கும். ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவானது, நீல் ஷஹீத் தீவானது. இரண்டு பெயரும் தெரிந்தவருக்கே பழைய வரைபடம் பிரயோசனப்படும். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு, சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களைக் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். அவர்களுடைய பாட்டன்மார் தமிழ்நாட்டிலிருந்து இலங்கைக்குப் போனவர்கள். ஒரே குடும்பத்துக்கு மூன்று சீட்டு. சுனாமியில் கச்சால் பட்ட பாடு நான்காவது. நான்கையும் வரிசையாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைகள் இன்று எத்தனை பேர் என்று அந்தந்த வீட்டுப் பெரியவர்கள்தான் பார்க்க வேண்டும்.

வயசானவர்களின் அறிவுரையும் எங்கேயோ பொறுக்கிய கல்தான். "கவர்மென்ட் வேலையை விடாதே" என்று இங்கே எல்லா வீட்டிலும் பெரியவர்கள் சொல்வார்கள். நானும் சொல்வேன். அது எழுபதுகளின் போர்ட் பிளேரில் எடுத்த கல். அப்போது இங்கே நிரந்தரச் சம்பளம் என்றால் அரசாங்கம்தான். மெயின்லேண்ட் கப்பல் வரும் நாளைப் பார்த்து அரிசி வாங்கிய காலம். அந்த இடத்தையும் காலத்தையும் கழற்றிவிட்டு, வேதவாக்கு மாதிரி நீட்டினால் பிள்ளைகள் வாங்க மாட்டார்கள். வாங்கினால்தான் எனக்குக் கவலை. "கடலோரத்தில் வீடு கட்டு, ஒன்றும் ஆகாது" என்றும் நம் பெரியவர்கள் சொன்னார்கள். அவர்கள் சீட்டில் அறுபது வருஷ அனுபவம் என்று இருந்திருந்தால், அறுபது வருஷம் இந்தக் கடலுக்குப் போதுமா என்று யாராவது கேட்டிருப்பார்கள்.

போன மாதம் பேரன் வந்திருந்தான். ஹைதராபாத்தில் வேலை, அதை விட்டுவிட்டு நண்பனோடு சேர்ந்து சொந்தமாகத் தொடங்கப் போகிறானாம். நான் வழக்கமான பாட்டைத் தொடங்கினேன். "தாத்தா, இது எந்த ஊர், எந்த வருஷம்?" என்று என் பாடத்தை என்னிடமே திருப்பினான். "போர்ட் பிளேர், 1974" என்றேன். அந்த வருஷம் என்ன சம்பளம், என்ன வாடகை, வேலை இல்லாத என் சிநேகிதர்கள் என்ன ஆனார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். சொன்னேன். இரண்டு விஷயத்தில் என் பயம் இன்றைக்கும் பொருந்தும் என்று ஒத்துக்கொண்டான்: கையிருப்பு இல்லாமல் இறங்கக் கூடாது, கூட்டாளியோடு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். மற்றதில் ஒத்துவரவில்லை. சாப்பாடு ஆறிப்போகிறது என்று அவன் பாட்டி இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் எழுந்தோம்.