காற்று புகுந்த இடம்

எங்கள் வீட்டில் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு கேட்கும் முதல் சத்தம் வாப்பாவின் லொறிச் சத்தம்தான். என்னைவிட வயதில் மூத்த லொறி அது. சம்மாந்துறைப் பக்கத்து ஆலைகளில் அரிசி ஏற்றி, மஹியங்கனை வழியாகக் கண்டிக்குக் கொண்டுபோவது வாப்பாவின் தொழில். லொறி ஒரே தடவையில் ஸ்டார்ட் ஆனால் உம்மா பேசாமல் தேநீர் ஊற்றுவார். இழுத்தடித்தால் கோப்பையைக் கையில் வைத்தபடி வாசலுக்கு வந்துவிடுவார்.

சென்ற பெரும்போக அறுவடைக் காலத்தில் உம்மா அடிக்கடி வாசலில் நின்றார். நீண்ட நேரம் சுற்றிய பிறகே எஞ்சின் பிடிக்கும். பிடித்தாலும் மிஸ் அடிக்கும், வெள்ளைப் புகை வரும். மேட்டில் எக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு கணம் தயங்கிவிட்டுத்தான் இழுக்கும். ஒருநாள் பதினெட்டு வளைவில் அரிசி மூடைகளோடு ஏறும்போது லொறி வளைவின் நடுவிலேயே அடங்கிவிட்டது. உதவிக்குப் போன சாச்சா பாய்ந்து இறங்கிச் சில்லுக்குக் கல் வைத்தாராம். இதை எங்களுக்குச் சொன்னதும் சாச்சாதான். வாப்பா சொல்லவில்லை.

ஒரு கராஜில் காட்டினோம். அங்கிருந்த பாஸ் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, "எஞ்சின் முடிஞ்சி. இறக்கித்தான் செய்யணும்" என்றார். அவர் சொன்ன தொகை எங்களிடம் இல்லை. உம்மாவின் இரண்டு காப்புகள் இருந்தன. "மகள் கம்பஸுக்கு எடுபட்டா உதவும்" என்று அவர் பலமுறை சொன்ன காப்புகள். அன்று மாலை அவற்றைக் கழற்றி, கழுவி, துணியில் சுற்றி அலுமாரியில் வைத்தார். அடகு வைக்க யாரும் இன்னும் முடிவெடுத்திருக்கவில்லை. ஆனால் அந்த வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு என்னால் படிக்க முடியவில்லை.

நான் உயர்தரத்தில் பௌதிகவியல் கற்கிறேன். டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. முசலம் காற்றை இறுக்கும்போது உண்டாகும் சூட்டில் டீசல் தானாகவே பற்றுகிறது. ருடால்ப் டீசல் 1897இல் ஜெர்மனியில் ஓட்டிக் காட்டிய எஞ்சினும் இந்த அடிப்படையில்தான் இயங்கியது. ஆகவே அமுக்கம் போதாமல் இருக்கலாம், காற்று போதாமல் இருக்கலாம், அல்லது டீசல் ஒழுங்காகச் சேராமல் இருக்கலாம். முதலாவதை நம்பித்தான் காப்புகள் போகவிருந்தன. மற்ற இரண்டையும் யாரும் பார்க்கவே இல்லை.

"நொசில்தான் வாப்பா" என்று நான் அடித்துச் சொன்னேன்.

வாப்பா சிரித்தார். "நீங்க புத்தகத்தில பாத்ததச் சொல்றீங்க மகள். லொறிக்கிட்டயும் கேட்டுப் பாப்பம்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு தொடங்கினோம். செலவில்லாத சோதனைகள்தான் முதலில். காற்றுப் பில்டரில் தூசு அதிகமில்லை. டீசல் பில்டரை மாற்றியும் பயனில்லை. பிறகு, மிஸ் அடித்துக்கொண்டிருந்த எஞ்சினை நிறுத்தாமலே, நொசிலுக்குப் போகும் குழாய் நட்டுகளை வாப்பா ஒவ்வொன்றாகச் சற்றுத் தளர்த்தினார். அங்கிருந்து சீறும் டீசல் தோலையே துளைக்கும் என்று என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். பழுதான சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் சத்தம் மாறாது. ஆனால் நான்கிலும் எஞ்சின் ஒரேமாதிரித் தாழ்ந்தது. நான்கு சிலிண்டர்களும் வேலை செய்கின்றன. நான் சொன்னது பிழை. கராஜில் சொன்னதும் சரியாகத் தெரியவில்லை.

அன்றிரவு ஹயர்க் கணக்குக் கொப்பியை எடுத்தேன். அதை எழுதுவது நான்தான். டீசல் அடித்த நாள், லீற்றர், காசு எல்லாம் அதில் உண்டு. லொறி தொல்லை கொடுத்த நாட்களை வாப்பாவிடமும் சாச்சாவிடமும் கேட்டுப் பென்சிலால் வட்டமிட்டேன். தாங்கியில் டீசல் கூடுதலாக இருந்த நாட்களில் ஒரு வட்டமும் விழவில்லை. பதினெட்டு வளைவில் நின்ற அன்று தாங்கியில் பாதிகூட இருக்கவில்லை.

முன்பெல்லாம் வாப்பா தாங்கியை நிரப்பித்தான் ஓடுவார். 2022இல் டீசல் வரிசையில் நாட்கணக்காக நின்று, விலையும் ஏறிய பிறகு, அந்த ஹயருக்குத் தேவையானதை மட்டும் அடிப்பார். மட்டம் இறங்க இறங்க, பம்ப் கூடுதலாக உறிஞ்ச வேண்டும். அப்போது குழாயினுள் அமுக்கம் வெளிக்காற்றைவிடக் குறைகிறது. சிறு வெடிப்பிருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுத்தான் உள்ளே போகும். நிலத்தில் ஒரு துளி கசிவுகூடத் தெரியாததற்கு இதுதான் காரணமோ என்று நினைத்தேன்.

காலையில் வாப்பாவிடம் சொன்னேன். அவர் கொப்பியை இரண்டு தரம் பார்த்தார். ஒன்றும் பேசாமல் ஒரு கேனில் டீசல் எடுத்து உயரத்தில் கட்டி, புதுக் குழாய் ஒன்றால் நேரே பம்புக்குக் கொடுத்தார். லொறி தடுமாறாமல் ஓடியது. அப்படியானால் குறை தாங்கிக்கும் பம்புக்கும் இடையில்தான். நான் டோர்ச் பிடித்தேன். தாங்கிக்கு அருகில், கிளிப்புக்கு அடியில், காய்ந்துபோன ரப்பர் குழாய் மெல்லியதாக வெடித்திருந்தது.

ஒரு முழக் குழாயும் இரண்டு கிளிப்புகளும் வாங்கினோம். மாட்டிய பிறகு பில்டரின் மேலுள்ள திருகாணியைத் தளர்த்தி, ஹேண்ட் பம்பை அமுக்கினேன். முதலில் நுரைத்து வந்த டீசல், பிறகு குமிழியில்லாமல் வழிந்தது. "போதும் மகள், இறுக்குங்க" என்றார் வாப்பா.

மறுநாள் லொறி ஒரே தடவையில் ஸ்டார்ட் ஆனது. அல்ஹம்துலில்லாஹ். உம்மா வாசலுக்கு வரவில்லை. தேநீர் தந்த கையில் காப்புகள் இருந்தன.

அந்தத் தவணையில் பௌதிகவியலில் எனக்கு 41 புள்ளிகள். "இந்தப் பாடம் எனக்குச் சரிவராது" என்று நானே எனக்குத் தீர்ப்புச் சொல்லி, விடைத்தாளை மடித்து வைத்திருந்தேன். அதை மீண்டும் விரித்து, எந்த அலகில் எத்தனை புள்ளி போனதென்று கொப்பியில் எழுதிப் பார்த்தேன். பெரும்பகுதி சுழற்சி இயக்கத்திலும் நிலைமின்னியலிலும் போயிருந்தது. அந்த இரண்டையும் முதலிலிருந்து படிக்கத் தொடங்கியிருக்கிறேன்.