502-க்குப் பதில் 62977

அன்புள்ள தம்பி,

ஜூஜுவாடி வேலை உனக்குப் பிடித்துப்போனதில் அம்மாவுக்கு ரொம்ப நிம்மதி. நைட் ஷிஃப்ட் முடிந்து ஹைவேயைக் கடக்கும்போது மட்டும் பார்த்துப் போ. அத்திப்பள்ளிப் பக்கமிருந்து லாரிகள் வேகமாக வரும்.

நீ அனுப்பிய புரோகிராமைப் படித்தேன். பைண்ட் எர்ரரே கொடுக்கவில்லை, ஆனால் ஒரு பிஎல்சிகூட கனெக்ட் ஆகவில்லை என்கிறாய். எர்ரர் வராததுதான் துப்பு. மோட்பஸ் போர்ட் 502. லினக்ஸில் 1024-க்குக் கீழுள்ள போர்ட்டை ரூட் அல்லாத யூசர் கேட்டால் ‘பெர்மிஷன் டினைட்’ வந்திருக்க வேண்டும். பைட் வரிசையை நெட்வொர்க் முறைக்கு மாற்றும் ஹெச்டான்ஸ் போடாமல் எண்ணை அப்படியே ஸ்ட்ரக்சரில் எழுதியிருக்கிறாய். 502 ஹெக்ஸில் 01எஃப்6. இன்டெல் பிராசஸர் கடைசி பைட்டை முதலில் வைக்கும். நெட்வொர்க் முறையில் அதையே படித்தால் எஃப்601, அதாவது 62977. அந்த எண்ணுக்கு யார் அனுமதியும் வேண்டாம். பிஎல்சிகள் 502-ஐத் தட்டிக்கொண்டிருக்க, உன் சர்வர் 62977-இல் காத்திருக்கிறது. ‘எஸ்எஸ்’ கமாண்டில் பார், தெரியும்.

திருத்தியதும் பெர்மிஷன் எர்ரர் வரும். அதற்காக சூடோ போட்டு ஓட்டாதே. செட்கேப் கொண்டு அந்த பைனரிக்கு மட்டும் உரிமை கொடு. ஒவ்வொரு முறை கம்பைல் செய்த பிறகும் திரும்பக் கொடுக்க வேண்டும்.

எனக்கு இதைவிடக் கவலை அட்ரஸ் வரிதான். ‘இன்அட்ர் எனி’ என்று விட்டிருக்கிறாய். உன் பெட்டியில் இரண்டு நெட்வொர்க் கார்டு: மெஷின் பக்கம் 192.168.10.5, இன்னொன்று ஆபீஸ் பக்கம். ‘எனி’ என்றால் இரண்டு வாசலும் திறந்து கிடக்கும். மோட்பஸ் டிசிபியில் பாஸ்வேர்டு கிடையாது. ஆபீஸ் வைஃபையில் இருக்கும் யார் வேண்டுமானாலும் உன் சர்வரில் இருக்கும் பீஸ் கணக்கை மாற்றி எழுதிவிடலாம். அந்தக் கணக்கை வைத்துத்தான் ஆபரேட்டர்களுக்கு இன்சென்டிவ் போடுகிறார்கள் என்று நீயே சொன்னாய். நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவனின் காசு அது, தம்பி.

அதனால் 192.168.10.5-இல் மட்டும் பைண்ட் செய். அதோடு விட்டுவிடாதே. லினக்ஸ் பார்ப்பது பாக்கெட் எந்த அட்ரஸுக்கு வந்தது என்பதைத்தான். எந்தக் கார்டு வழியாக வந்தாலும் வாங்கிக்கொள்ளும். ஆபீஸ் கார்டில் 502-ஐ ஃபயர்வாலிலும் அடை.

இன்னொன்று. கரண்ட் போய் வந்து பெட்டி எழும்போது, கார்டுக்கு ஐபி வருமுன் சர்வர் கிளம்பினால் பைண்ட் தோற்றுவிடும். சிஸ்டம்டியில் நெட்வொர்க் ஆன்லைன் ஆனபின் கிளம்பும்படி வை, தோற்றால் தானே மறுபடி கிளம்பவும் சொல்லிவை.

திருத்தி அனுப்பு, ராத்திரியே பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா