பழஞ்சேலை விரித்த சீற்

குறிகட்டுவான் இறங்குதுறையடியில், உச்சி வெயிலில் காயும் வான்களையும் கார்களையும் நயினாதீவுக்குப் போய்வந்த எல்லோரும் கண்டிருப்பார்கள். காலையில் யன்னல்களை ஏற்றிப் பூட்டிவிட்டுப் படகேறியவர்கள், அம்மனைக் கும்பிட்டு, அன்னதானத்தில் சாப்பிட்டு, மத்தியானம் திரும்பி வந்து கதவைத் திறப்பார்கள். உள்ளிருந்து ஒரு மணம் முகத்தில் அடிக்கும். பலருக்கு அது புது வாகனத்தின் பெருமை. என் அக்காவுக்குத் தலையிடி, தொண்டை அடைப்பு, மூச்சிறுக்கம்.

அந்த மணத்தில் ஒரு பங்கு சீற்றின் றெக்சின் உறையிலிருந்து வருவது. றெக்சின் என்று நாங்கள் சொல்வது பெரும்பாலும் துணியின்மேல் பிவிசி பூசிய விரிப்பு. பிவிசி இயல்பில் விறைப்பானது. அதை வளைய வைக்கத் தாலேற்று போன்ற எண்ணெய்த்தன்மையான பொருள்களைக் கலக்கிறார்கள். அவை பிவிசியோடு இறுகப் பிணைவதில்லை. சூடேற ஏறக் கசிந்து காற்றில் சேரும். புதுக் காரின் முன்கண்ணாடியில் உட்பக்கமாகப் படியும் பிசுபிசுப்புக்கு இதுவும் ஒரு காரணம். சீற்றுக்குள் இருக்கும் பஞ்சு, ஒட்டுப்பசை, தரைவிரிப்பு எல்லாம் தம் பங்குக்கு எதையாவது வெளிவிடும்.

அக்காவைப்போல், இப்படியான ரசாயன மணங்கள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போவதைப் பற்றி மருத்துவ உலகில் வழக்கு இன்னும் தீரவில்லை. 1950களிலேயே சிக்காகோ மருத்துவர் தெரன் றன்டொல்வ் இதைப்பற்றி எழுதினார். 1987இல் மார்க் கலன் இதற்கு ஒரு வரையறை கொடுத்தார். பிறகு நடந்த பல சோதனைகளில், எது ரசாயனம், எது வெறுங்காற்று என்று சொல்லாமல் கொடுத்தபோது, பாதிக்கப்பட்டவர்களால் பிரித்தறிய முடியவில்லை. ஆகவே காரணம் உடலிலா, பயத்திலா, இரண்டிலுமா என்று விவாதம் நடக்கிறது. அவர்கள் படும் பாடு உண்மை என்பதில் பெரிய விவாதமில்லை. விவாதம் முடியும்வரை அக்கா காத்திருக்கவும் முடியாது. எங்கள் வேலணையிலிருந்து யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் பண்ணைப் பாலத்தைக் கடந்துதான் போகவேண்டும்.

அதனால் எங்கள் வாகனத்துக்கு நஞ்சில்லாத சீற் உறை தேடினோம். குஷன் வேலை செய்யும் தம்பி றெக்சின் சுருள்களை விரித்துக் காட்டி, "அக்கா, இது நல்ல சாமான், தண்ணி பட்டாலும் ஒண்டும் செய்யாது" என்றான். அக்கா வாசலோடே நின்றுவிட்டா. தோல் உறை இயற்கையானது என்றார்கள். ஆனால் கார்களுக்கு வரும் தோல் பெரும்பாலும் குரோமிய உப்பில் பதனிட்டு, மேலே நிறமும் பிசினும் பூசப்பட்டது. எங்கள் ஊர்ப் பனையோலைத் தடுக்கைப் போட்டுப் பார்த்தோம். மணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறேக் பிடித்தால் தடுக்கும் ஆளும் சேர்ந்து முன்னுக்கு வழுக்கின. மாரி வந்ததும் ஓலையில் பூஞ்சணம் பிடித்தது, அதுவும் அவவுக்கு ஆகாது. புதுப் பருத்தித் துணியும் முழு நம்பிக்கைக்கு உரியதல்ல. 'சுருங்காது, கறை பிடிக்காது' என்று விற்கும் துணியில் அந்தக் குணத்தைத் தருவது போமல்டிகைட் பிசின் போன்ற பூச்சுகள்தான்.

அம்மாதான் வழி சொன்னா. "பச்சைப்பிள்ளைக்குப் போடுறதை இவளுக்கும் போடுங்கோவன்." பிறந்த பிள்ளையைப் புதுத்துணியில் கிடத்தாமல் பழஞ்சேலையிலும் பழைய வேட்டியிலும் கிடத்துவது எங்கள் வழக்கம். வருடக்கணக்காகத் தோய்த்துக் காய்ந்த பருத்தியில், வெளிவிடுவதற்கு மிச்சம் அதிகம் இராது. 1992இல் தொடங்கிய ஒக்கோ-ரெக்ஸ் தரச்சான்றும் கைக்குழந்தைகளின் துணிக்குத்தான் மிகக் கடுமையான எல்லையை வைத்திருக்கிறது. அந்த முத்திரையைத் தேடி வாங்க வசதியுள்ளவர்கள் வாங்கலாம். எங்களுக்கு அலுமாரியின் அடித்தட்டுப் போதுமாக இருந்தது.

அங்கிருந்த பழஞ்சேலையை நாலாக மடித்துத் தைத்து, மூலைகளில் நாடா வைத்துச் சீற்றோடு இறுகக் கட்டினோம். பக்கவாட்டில் காற்றுப்பை உள்ள சீற்றுகளில் அந்தத் தையல் ஓரத்தை மூடக்கூடாது; மூடினால் விபத்தில் பை சரியாக விரியாது. தோய்ப்பதிலும் கவனம் வேண்டும். உவர்நீரில் அலசினால் துணியில் உப்புத் தங்கி ஈரம் இழுக்கும். அதனால் சாட்டிப் பக்கத்து நன்னீர்க் கிணற்றுத் தண்ணீர், வாசமில்லாத சவர்க்காரம், பிறகு நல்ல வெயில்.

ஆனால் துணி பாதி வேலையைத்தான் செய்தது. அடியில் கிடந்த றெக்சின் உறையைக் கழற்றி, வாசனைப் போத்தலை எறிந்து, நாலு கதவையும் திறந்து வெயிலில் விட்ட பிறகுதான் அக்கா யாழ்ப்பாணம்வரை தலையிடி இல்லாமல் போனா. எதை வாங்கிப் போடுவது என்று புறப்பட்டவர்கள், எதையெல்லாம் எடுத்துவிடுவது என்பதில் வந்து நின்றோம். எங்கள் வீதிகளில் ஓடும் கார்களிலும் வான்களிலும் பல யப்பானில் செய்தவை. அந்நாட்டு உற்பத்தியாளர் சங்கம் 2007 தொடக்கம் புது மாதிரிக் கார்களின் உள்காற்றில் 13 பொருள்களுக்கான அரச எல்லையைத் தானாகவே ஏற்றுக்கொண்டது. இங்கே அதற்குமேல் ஒரு றெக்சினைத் தைத்து, பழங்களின் பெயரில் ஒரு வாசனையும் தொங்கவிட்டு, அவர்கள் குறைத்ததை நாங்கள் காசு கொடுத்துக் கூட்டுகிறோம்.

நயினாதீவுத் திருவிழாவுக்கு வான் ஓட்டும் தம்பிமார், ஆட்கள் ஏறமுன் மரியாதைக்காக உள்ளே வாசனை அடிப்பது எனக்குத் தெரியும். அந்த மரியாதையை வேறு விதமாகவும் செய்யலாம். படகு கரை தட்டும் நேரம் பார்த்து யன்னல்களை இறக்கிவிடுங்கள், ஏறுகிறவரிடம், "மணம் ஏதும் ஒத்துக்கொள்ளாதோ?" என்று ஒருக்கால் கேளுங்கள். செலவில்லாத வேலை. பத்துப் பேரில் ஒருவர் "ஓம்" என்றாலும், அவர் அடுத்த முறையும் உங்கள் வானைத்தான் தேடி வருவார்.