இலைக்குக் கூரை, வேருக்கு மழை

2024 செப்டம்பர் 8, ஞாயிறு
வித்யாரண்யபுரம், பெங்களூரு

மாடியில் பசுமைக்குடில் எழுந்துவிட்டது. 10 அடி அகலம், 12 அடி நீளம். வளைத்த ஜி.ஐ. பைப், அதன்மேல் வெயிலுக்குச் சீக்கிரம் நைந்துபோகாத 200 மைக்ரான் பாலித்தீன் ஷீட், நான்கு பக்கமும் 40 மெஷ் பூச்சி வலை. தளத்தில் துளை போட்டால் அடுத்த மழைக்கே ஒழுகத் தொடங்கும். அதனால் பழைய பெயின்ட் பக்கெட்டுகளில் கான்கிரீட் நிரப்பி, பைப்பின் கால்களை அதில் நட்டுவிட்டார் என் கணவர். ஈரமான மண் ஒரு கன அடிக்கு 45 கிலோ கனக்கும். ஆகவே பைகளில் வெறும் மண் நிரப்பவில்லை. செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, கோகோபீட் இரண்டு பங்கு.

ஆகஸ்டில் குழித்தட்டில் விதைத்த தக்காளி நாற்றுகளை இன்று பைகளுக்கு மாற்றினேன். ரகம் ஆர்கா ரக்ஷக். ஹேசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் வீரிய ஒட்டு. இலைச்சுருட்டு வைரஸ், பாக்டீரியா வாடல், முன் கருகல் என மூன்று நோய்களைத் தாங்கும். ஒரு வரிசைப் பைகளைக் குடிலுக்கு வெளியிலும் வைத்திருக்கிறேன். ஒரே ரகம், ஒரே நாள் நடவு. கூரை என்ன செய்கிறது என்பது அப்போதுதான் தெரியும். பாலக்கும் வெந்தயமும் ஓரமாகத் தூவியாயிற்று.

மேலே வந்து பார்த்த அத்தை, "ஏம்மா, மழையில நனைஞ்சாத்தானே செடி தழைக்கும்? நீங்க என்னடான்னா கூரை போட்டு மறைக்கிறீங்களே?" என்றார். கும்பகோணத்துக் கொல்லையில் அறுபது வருஷம் கீரை வளர்த்தவர். கேள்வி நியாயமானது.

செப்டம்பர் 15, ஞாயிறு

மதியம் ஒரு மணிக்கு வெளியே 28 டிகிரி, குடிலுக்குள் 36. குளிர் நாடுகளில் இந்தச் சூட்டுக்காகவே கண்ணாடி வீடு கட்டுகிறார்கள். அங்கே இலையுதிர் காலம் என்றால் உறைபனி வாசலில் நிற்கும். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கும் பெங்களூரில் டிசம்பர், ஜனவரி இரவுகளிலும் சராசரியாக 15 டிகிரியை ஒட்டித்தான் குளிரும். தக்காளியைப் போர்த்திக் காக்க வேண்டிய குளிர் இங்கே இல்லை. இங்கே காக்க வேண்டியது மழையிலிருந்து. தென்மேற்குப் பருவமழை முடிகிற சமயத்தில் வடகிழக்கு வந்துவிடும். வருஷத்திலேயே அதிகம் பெய்வது செப்டம்பரிலும் அக்டோபரிலும்தான்.

ஆக, இது குடை. பக்கங்களை மூடுகிற பேச்சே இல்லை, காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பதினோரு மணியிலிருந்து மூன்று மணி வரைக்கும் மேலே இழுத்துவிட 50 சதவீத நிழல்வலை ஒன்றைக் கயிற்றில் கோத்திருக்கிறோம். அதை இழுத்ததும் உள்ளே 32-க்கு இறங்குகிறது.

செப்டம்பர் 24, செவ்வாய்

பூச்சி பிடிக்கத் தொங்கவிட்ட மஞ்சள் பசை அட்டையில் வெள்ளை ஈ. வலைக்குள் எப்படி வந்தது என்று தேடினால், கதவுத் துணி தரையைத் தொடாமல் இரண்டு விரல் உயரத்துக்கு நிற்கிறது. அடியில் மணல் நிரப்பிய பி.வி.சி. குழாயைக் கோத்துத் தொங்கவிட்டோம். இப்போது சரியாகப் படிகிறது.

இலைச்சுருட்டு வைரஸைச் செடிக்குச் செடி சுமந்து போவது இந்த ஈதான். ரகம் வைரஸைத் தாங்கும் என்றாலும் ஈ சாற்றை உறிஞ்சாமல் விடுமா? ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப்பு. வெயில் இறங்கியதும் இலையின் அடிப்புறம் பார்த்துத் தெளித்தேன். அது ஒளிந்திருப்பது அங்கேதான், மேலே தெளித்து ஆவதொன்றுமில்லை.

அக்டோபர் 2, புதன்

காந்தி ஜயந்தி விடுமுறை. அத்தையை லால்பாக் கூட்டிப்போனோம். கண்ணாடி மாளிகைக்கு 1889 நவம்பர் 30 அன்று இளவரசர் ஆல்பர்ட் விக்டர் அடிக்கல் நாட்டினார். வார்ப்பிரும்பு கிளாஸ்கோவிலிருந்து கப்பலில் வந்தது. அப்போது தோட்டத்தின் கண்காணிப்பாளர் ஜான் கேமரன். வெளிநாட்டுக் காய்கறிகளையும் மரங்களையும் இந்த ஊர் மண்ணுக்குப் பழக்குவதில் அவருக்குத் தீராத ஆசை. நாம் பெங்களூர் கத்திரிக்காய் என்று சொல்லும் சௌசௌவை இங்கே கொண்டுவந்தவர் அவர்தான் என்பார்கள். கும்பகோணத்தில் வாரந்தவறாமல் சௌசௌக் கூட்டு செய்த அத்தைக்கு இது புதுச் செய்தி. கேமரன் பெயரை இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

இந்த நகரம் கூரைக்கடியில் செடி வளர்த்துப் பார்ப்பது புதிதல்ல. அன்று அது சமஸ்தானத்தின் பெருமை. இன்று வாடகை வீட்டு மாடியிலும் முடிகிறது.

அக்டோபர் 9, புதன்

நவராத்திரி. கீழே கொலு, மேலே தக்காளிப் பூ.

வலை ஈயைத் தடுப்பதுபோல் தேனீயையும் தடுத்துவிடும். தக்காளிப் பூ தன் மகரந்தத்தாலேயே காய்க்கக்கூடியது, ஆனால் அந்தத் தூள் மஞ்சள் குழலுக்குள்ளே அடைந்து கிடக்கும். அதிர்ந்தால்தான் உதிரும். வெளியே நீலப்பட்டைத் தேனீ பூவைப் பற்றிக்கொண்டு உடம்பை உலுக்கி ரீங்கரிப்பதைப் பார்க்கலாம். உள்ளே அந்த வேலை நம்முடையது. காலை ஒன்பதரைக்கு, பனி உலர்ந்த பிறகு, பூங்கொத்தின் காம்புக்குப் பின்னால் விரலால் மெல்லச் சுண்டுகிறேன். கறுப்புச் சட்டைக் கையை அடியில் நீட்டினால் மஞ்சள் பொடி விழுவது தெரிகிறது. மேகம் மூடிய நாளில் பொடி ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், அன்றைக்கு மத்தியானம் இன்னொரு தரம் சுண்ட வேண்டும்.

இரவில் 20 டிகிரியை ஒட்டி இருக்கிறது. தக்காளி காய் பிடிக்க இதைவிட நல்ல காலம் வாய்க்காது.

அக்டோபர் 16, புதன்

நேற்று வடகிழக்குப் பருவமழை தொடங்கியதாக வானிலைத் துறை அறிவித்தது. இரவெல்லாம் கொட்டியது. இன்று பள்ளிகளுக்கு விடுமுறை.

கூரையின் இரண்டு ஓரத்திலும் பி.வி.சி. குழாயை நெடுக்கில் பிளந்து வாய்க்கால் கட்டியிருக்கிறோம். 120 சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை விழுந்தால் 110 லிட்டர். 200 லிட்டர் நீல டிரம்கள் நிரம்பி, மிச்சம் கீழே தொட்டிக்குப் போகிறது. டிரம்மின் வாயில் நைலான் வலை கட்டாயம். போன மாதம்தான் அரசு டெங்குவைக் கொள்ளைநோயாக அறிவித்தது. டிரம்கள் சிமென்ட் கல்மேல் நிற்பதால், அந்த உயரமே சொட்டுநீர்க் குழாய்க்குப் போதும், மோட்டார் வேண்டாம்.

இந்த மார்ச்சை மறக்க முடியாது. ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, லாரித் தண்ணீருக்குத் தெருவே காத்திருந்தது. குடிநீரைத் தோட்டத்துக்கு விட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அது சரியான உத்தரவு, குடிக்க இல்லாதபோது செடிக்கு ஏது? இன்று காவிரி ஐந்தாம் கட்டத் திட்டத்தை முதல்வர் தொடங்கிவைத்தார். நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர், நகரத்தோடு சேர்ந்த 110 கிராமங்களுக்கு. சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, பல நூறு மீட்டர் மேடேற்றி வரும் தண்ணீர் அது. அதைக் கீரைப் பாத்திக்கு ஊற்ற எனக்கு மனம் வராது. மாடிக்கு மேலே தானாக வந்து விழுவதைப் பிடித்தாலே போதும்.

அக்டோபர் 22, செவ்வாய்

நேற்றிரவு மழை இந்தப் பக்கத்தைப் புரட்டிப் போட்டுவிட்டது. எலகங்காவில் கேந்திரிய விகார் குடியிருப்புக்குள் வெள்ளம் புகுந்து, மக்களைப் படகில் வெளியே கொண்டுவந்தார்கள். பாபுசாபாளையாவில் கட்டிக்கொண்டிருந்த கட்டடம் இடிந்து தொழிலாளர்கள் இறந்திருக்கிறார்கள். தோட்டத்தைப் பற்றி எழுதக் கை ஓடவில்லை. ஆனாலும் பார்த்ததைக் குறித்து வைக்க வேண்டும்.

வெளி வரிசைத் தக்காளி போய்விட்டது. இலை ஓரத்தில் வெந்நீர் பட்டதுபோல் கரும்பச்சைத் திட்டு. காலையில் திருப்பிப் பார்த்தால் அடிப்புறம் திட்டைச் சுற்றி வெள்ளைப் பூசணம். தண்டில் பழுப்புக் கோடு, பச்சைக் காயின் தோளில் எண்ணெய் தடவியதுபோல் பழுப்புப் படை. இது பின் கருகல். அயர்லாந்தில் 1845 முதல் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சத்தைக் கொண்டுவந்த அதே நுண்ணுயிர். ஆர்கா ரக்ஷக் தாங்கும் மூன்றில் இது சேராது.

குடிலுக்குள் வலையை ஒட்டியிருந்த செடியில், சாரல் பட்ட இரண்டு இலைகளில் மட்டும் திட்டு. கிள்ளியாயிற்று. மற்றவை சுத்தம். இந்த நோயின் வித்து முளைத்து உள்ளே நுழைய, இலைமேல் சில மணி நேரம் தண்ணீர் நிற்க வேண்டும். கூரை அந்தத் தண்ணீரை மறித்துவிட்டது.

நோய்ச் செடிகளைப் பிடுங்கிப் பையில் கட்டிவிட்டேன், உரக்குழிக்குப் போகாது. அத்தை கூடவே இருந்து இரண்டு வரிசையையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ வேருக்குத்தான் மழை. இலைக்கு இல்லே" என்றார்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. ராக்கெட் பொறி ஒன்று விழுந்தால் ஷீட்டில் ஓட்டைதான். நிழல்வலையை முழுக்க இழுத்துவிட்டு, ஈரச் சாக்குகளை மேலே பரப்பினோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் காலையிலேயே சொல்லி வைத்திருந்தோம். சமர்த்தாக வெடிகளைத் தெருமுனைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

இன்றைய சமையலில் பாலக்கும் வெந்தயக்கீரையும் நம் மாடியது. மழையில் அடிபடாத கீரையில் மண் தெறிப்பதில்லை, ஒரு தண்ணீரில் அலசினால் போதும். கீழ்வீட்டு அம்மாவுக்கு ஒரு கட்டு கொடுத்தேன். "எஷ்டு சென்னாகிதெ! இந்த மழைல எப்டி அக்கா?" என்றார். மேலே அழைத்துப்போய்க் காட்டினேன்.

நவம்பர் 7, வியாழன்

மழை விட்டதும் வேறொரு ஈரம். விடியற்காலையில் ஷீட்டின் உட்புறம் வியர்த்து, சொட்டு சொட்டாக இலைமேல் விழுகிறது. மழையைத் தடுத்துவிட்டுப் பனியை உள்ளே விட்டால் கூரை எதற்கு? உச்சியில் ஒரு சாண் இடைவெளி விட்டு, அதன்மேல் தனியாக ஒரு பட்டை ஷீட்டைத் தூக்கிக் கட்டினோம். சூடான ஈரக்காற்று அந்த வழியே ஏறிப் போய்விடுகிறது. ஆறரைக்கு ஒருமுறை ஷீட்டை வெளியிலிருந்து தட்டினால் மிச்சத் துளிகள் ஓரத்துக்கு வழிந்துவிடும்.

அடி இலைகளையும் பக்கக் கிளைகளையும் ஒடித்தாயிற்று. செடிகளுக்கிடையே காற்றுப் போவது கண்ணுக்குத் தெரிகிறது.

நவம்பர் 16, சனி

வேளாண் பல்கலைக்கழகத்தில், ஜி.கே.வி.கே. வளாகத்தில், கிருஷி மேளா. கோலார், தும்கூரிலிருந்தெல்லாம் விவசாயிகள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். பூச்சியியல் பேராசிரியராக இங்கே பணியாற்றி ஓய்வுபெற்ற டாக்டர் பி.என். விஸ்வநாத்தான் பெங்களூர் மாடிகளில் இயற்கைக் காய்கறித் தோட்டத்தை ஓர் இயக்கமாக்கியவர். ஊருக்குள் இத்தனை மாடிகளில் கறிவேப்பிலையும் அவரையும் தலைகாட்டுவதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

வீட்டுக்கு வந்ததும் முதல் பழங்களைப் பறித்தேன். தோல் கெட்டி, காம்படியில் பச்சை வாசனை. அடியில் கறுப்பு விழவில்லை. கூரைக்கடியில் நாம் ஊற்றுவதுதான் மழை. ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றி ஊற்றினால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராமல் அடி அழுகும். தினமும் ஒரே நேரத்தில் ஒரே அளவு சொட்டுநீர் கொடுத்ததன் பலன் இது.

டிசம்பர் 1, ஞாயிறு

ஃபெஞ்சல் புயல் நேற்றிரவு புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. அங்கே வெள்ளம் என்று சித்தி போன் செய்தார், எல்லோரும் பத்திரம். இங்கே சூரியனே தெரியாமல் குளிரும் தூறலும். இந்தக் குளிரில் செடியில் பழுக்க நாளாகும். நிறம் திரும்பிய காய்களைப் பறித்துச் சமையலறையில் பரப்பிவிட்டேன், இரண்டு மூன்று நாளில் சிவந்துவிடும்.

பருவம் முடிகிறது. ரசத்துக்கும் தொக்குக்கும் கடைப் பக்கம் போகவில்லை, கீரை வாங்கவே இல்லை. அதைவிடப் பெரிதாக நினைப்பது வேறு: இந்த மூன்று மாதமும் செடிகளுக்குக் குழாயைத் திறக்கவில்லை. மார்ச்சில் தண்ணீருக்குத் தவிக்கிற இதே நகரம் அக்டோபரில் தண்ணீரில் மூழ்குகிறது. 2009-லிருந்தே பெரிய மனைகளில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். சட்டம் சொல்லாத சின்ன மாடியிலும் ஒரு ஷீட், பிளந்த குழாய், மூடிய டிரம் இருந்தால் தண்ணீரும் கிடைக்கும், காயும் கிடைக்கும். இதை யார் கேட்டாலும் மேலே அழைத்துப்போய்க் காட்டுவேன்.

கீழ்வீட்டு அம்மா அவர்கள் மாடியை அளந்து வைத்திருக்கிறார். ஜனவரியில் பைப் வளைக்க என் கணவர் ஒத்துக்கொண்டார். முள்ளங்கியும் நூக்கோலும் நாளை விதைக்கிறேன். பிப்ரவரி பிறந்ததும் ஷீட்டைச் சுருட்டிவிட்டு நிழல்வலைக்கு மாற வேண்டும். அதற்குள் டிரம்கள் இன்னும் இரண்டு வாங்கிவிட வேண்டும்.