கடன் கொப்பியும் ஒரு பித்தளைக் குடமும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. யட்டியாந்தோட்டை, தெரணியகலை பக்கத் தோட்டங்களில் சொந்தபந்தம் உள்ளவர்கள் கடைசி வரை வாசியுங்கள். ஒரு உதவி கேட்கிறோம்.

போன தவணை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் "எங்கள் குடும்பம் இந்த ஊருக்கு வந்த கதை" எழுதி வரச் சொன்னோம். லயத்துப் பிள்ளைகள் பலர் நாலு வரிதான் கொண்டுவந்தார்கள். கங்காணியோடு வந்தார்கள், எந்த ஊர் என்று தெரியாது, தாத்தாவின் அப்பா பெயர் தெரியாது. ஒரு பிள்ளை மட்டும் திருப்பிக் கேட்டது: "டீச்சர், நீங்க எப்ப வந்தீங்க?"

எங்கள் கதை எங்களுக்குத் தெரியும். எழுத்தில் இருக்கிறது.

எங்கள் பூட்டன் தொண்டிக்காரர். தூத்துக்குடியில் கப்பலேறி கொழும்புக்கு வந்து, அங்கிருந்து சின்னக் கோச்சியில் யட்டியாந்தோட்டைக்கு வந்தவர். 1903இல் திறந்த பாதை அது. 1942இல் தண்டவாளத்தையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், அதனால் இன்று சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை. ரப்பருக்காகக் காட்டை வெட்டிக்கொண்டிருந்த காலம். பூட்டன் சீத்தையும் வேட்டியும் மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு லயம் லயமாக ஏறினார். பிறகு ஒரு சின்னக் கடை. அந்தக் கடையின் கடன் கொப்பிகள் 1931இலிருந்து வீட்டில் இருக்கின்றன.

பால்வெட்டுக்காரர், அவர் மனைவி, எந்த லயம், எத்தனையாம் காம்பரா, என்ன வாங்கினார்கள், சம்பளத்தன்று எவ்வளவு கட்டினார்கள், எல்லாம் அதில் இருக்கிறது. 1934, 35 மலேரியாக் காலத்தில் சில பெயர்களின் மேல் ஒரே ஒரு கோடு. கேகாலைப் பக்கம் அந்தக் காய்ச்சல் எவ்வளவு பேரைக் கொண்டுபோனது என்று பெரியவர்கள் சொல்வார்கள். கோட்டுக்கு அர்த்தம் அதுதான்.

வட்டி வாங்காத கடை என்று எங்கள் வீட்டில் பெருமையாகச் சொல்வோம். காசுக்கு ஒரு விலை, கடனுக்கு ஒரு விலை இருந்ததைக் கொப்பி மறைக்கவில்லை.

1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இங்கே பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். பூட்டன் தொண்டியில் பிறந்தவர், ஆகவே அவருடைய மகன், எங்கள் அப்பாவும் (வாப்பாவின் வாப்பா) அந்நியர் ஆனார். அடுத்த வருடம் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம். 1946 ஜனவரிக்கு முன் கல்யாணம் முடித்தவர் 7 வருடம், மற்றவர் 10 வருடம் தொடர்ந்து இங்கே இருந்ததை நிரூபிக்க வேண்டும். அப்பா கடன் கொப்பிகளைத் தூக்கிக்கொண்டு கேகாலைக்குப் போனார். வருடா வருடம் திகதி போட்ட எழுத்து. எடுபட்டது. நாங்கள் பிரஜைகளானோம்.

லயத்து ஆட்களும் மனுப் போட்டார்கள். பெரும்பாலும் நிராகரிப்புத்தான். நாங்கள் இங்கே இருந்ததற்குச் சாட்சியாக நின்றவை அவர்களுடைய பெயர்கள். அதே கொப்பி அவர்களுக்கும் சாட்சி சொல்லியிருக்கும். அப்பா கொண்டுபோய்க் காட்டவில்லை, கேட்டிருந்தால் கொடுத்திருப்பார் என்று வாப்பா சொல்கிறார். இருக்கலாம். அவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்பதுதான் எங்களுக்கு உறுத்துகிறது.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே. மிச்சம் 150,000 பேரைப் பத்து வருடம் கழித்துப் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒப்பாரிக் கோச்சி என்ற பெயர் அப்போது வந்தது. எங்கள் கொப்பியில் அந்த வருடங்களில் பக்கம் பக்கமாகக் கணக்கு முடிகிறது. போவதற்கு முன் ஒரு சதம் பாக்கி வைக்காமல் கட்டிவிட்டுப் போனவர்கள்தான் அதிகம்.

ஒரு குடும்பத்தால் முடியவில்லை. 1971. பாக்கி 18 ரூபாய். அந்த அம்மா ஒரு பித்தளைக் குடத்தைக் கொண்டுவந்து வைத்து, "ஊருக்குப் போய் அனுப்புறேன் நானா, குடத்த வித்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பொல்கஹவெலைக்குப் போய்க் கோச்சி ஏறினார். வாப்பும்மா அதை அடகு என்று சொல்லவே மாட்டார், அமானிதம் என்பார். ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் புளி போட்டு விளக்கி வைப்பார், தண்ணீர் மட்டும் எடுக்க விடமாட்டார். அவர் மவுத்தான பிறகு விளக்குவது எங்கள் வேலை.

குடத்தின் கழுத்தில் ஒரு பெயரும் ஒரு ஊரும் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கிறது. அதை இங்கே எழுதவில்லை, படமும் போடவில்லை. கூடலூர், கோத்தகிரிப் பக்கம் போய்க் குடியேறிய உங்கள் உறவுக்காரர்களிடம் கேளுங்கள். பெயர் பொருந்தினால் இன்பொக்ஸில் சொல்லுங்கள், இன்ஷா அல்லாஹ் ஒப்படைப்போம். கொப்பியில் தங்கள் தாத்தா பாட்டி பெயர் இருக்கிறதா என்று பார்க்க விரும்புகிறவர்களும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரலாம். அந்தப் பிள்ளையும் அவருடைய அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

18 ரூபாயைப் பற்றி யோசிக்க வேண்டாம். அந்தக் கணக்கை வாப்பா போன நோன்பில் வெட்டிவிட்டார்.